வெள்ளிக்கிழமை இடியும் ரிஃபாயாவுக்கு வந்த கடிதமும்

எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு குற்றமும் செய்யாத பெண்ணுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் யாரையும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இதைப் பூசி மெழுகி எழுத எனக்குத் தெரியாது. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

நான் பேராதனைப் பக்கத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் கணினிப் பொறுப்பாளராக இருந்து இந்த வருடம் ஓய்வு பெற்றவன். அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு பேருக்கு வாய் திறந்து நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன். அதற்காகவும்தான்.

1. மெஷின் ஓடியது, கணக்கு வரவில்லை

ஹேவாஹெட்ட மலைத் தோட்டங்களில் எங்கள் நிலையத்துக்கு ஏழு மழைமானிகள் உண்டு. அவற்றின் கணக்கைச் சேர்ப்பது ரிஃபாயாவின் வேலை. இரண்டு பிள்ளைகளின் தாய். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருந்தார்.

கீழ்மாடி டேட்டா அறையில் ஒரு பழைய லினக்ஸ் கணினி. அதில் நோட்புக் சேர்வர் ஓடும். மேல்மாடியில் தன் கதிரையில் இருந்தபடியே ரிஃபாயா பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறப்பார். புரோகிராமும் வரைபடமும் விடையும் ஒரே பக்கத்தில் இருக்கும்; அந்தப் பக்கத்தைத்தான் நோட்புக் என்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மழைமானிகளிடம் கணக்குக் கேட்கும் புரோகிராமும் அந்த நோட்புக்கின் உள்ளேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

கணினி நின்று எழுந்தால் சேர்வர் தானாக எழாது. யாராவது போய் டெர்மினலில் கட்டளை அடிக்க வேண்டும். அதை ரிஃபாயா காலையில் வந்ததும் செய்வார். மழைமானி ஒரு நாள் கணக்கைத் தனக்குள் வைத்திருக்கும். அதற்குள் கேட்டால் தரும். கேட்காவிட்டால் பழையதை அழித்துவிட்டு அதன்மேல் எழுதும். அதனால் கிழமை நாட்களில் எதுவும் தொலையவில்லை. வெள்ளி பின்னேரத்திலிருந்து ஞாயிறு காலை வரையான கணக்குத்தான் தொலைந்தது. தொடர்ந்து மூன்று வாரம்.

தலைவர் என்னை டேட்டா அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"மெஷின் ஓடிக்கொண்டுதானே இருக்கு? ஓடாதது ஆள்தான். வெள்ளிக்கிழமை எண்டால் அவ வேளைக்கே வீட்ட போறா போல."

எல்லோரும் போகும் நாலேகாலுக்குத்தான் ரிஃபாயாவும் போவார். அது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாள் கடிதம் போனது: "கடமையில் கவனயீனம். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது மீள்பரிசீலிக்கப்படும்."

ரிஃபாயா அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"மூனு வெள்ளிக்கிழமையும் பகல்ல பக்கம் செத்துப் போச்சு, எழுப்பித் தாங்கன்னு உங்களுக்கு கோல் எடுத்தேன் சேர். திங்கக்கிழமை பாப்போம்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"தானா எழும்புற மாதிரி செஞ்சு தாங்கன்னு எத்தன தரம் கேட்டேன்? இப்ப கடிதம் என்ட பேர்ல ஈக்கி."

தலைவரிடம் என் பெயரைச் சொல்லியிருந்தால் ரிஃபாயாவின் தொல்லை அன்றே தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. நானாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

2. பிளக்கைப் பிடுங்கிய கை

கணினி எப்போதெல்லாம் நின்று எழுந்தது என்று பதிவை எடுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லா நாளும் பின்னேரம் மூன்று மணி வாக்கில் நின்றிருந்தது. ஐந்து மணிக்கு எழுந்திருந்தது. மின்வெட்டு இப்படி நேரம் பார்த்து வராது. ஐந்து மணிக்குக் கட்டடத்தைப் பூட்டுகிறவர் அலுவலக உதவியாளர் செல்வராஜ். அவரிடம் போனேன்.

"ஆமா சேர், நான்தான். இடி இடிக்க ஆரம்பிச்சா கீழ்மாடியில அத்தன பிளக்கையும் புடுங்கிருவேன். மழ விட்டதும் சொருகி பட்டன அமுக்கிட்டுத்தான் பூட்டுவேன்."

"யாரு உங்களச் செய்யச் சொன்னா?"

"போன வருசம் ரவுட்டர் கருகுனப்ப ஏச்சு வாங்குனது யாரு? நீங்களா? நான்தானே. அன்னையிலருந்து யாரும் சொல்ல வேண்டியதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. ஐப்பசி மாதம் கண்டிப் பக்கத்தில் பகல் சாப்பாடு முடிந்தால் இடிதான். இங்கே எந்த வீட்டிலும் டீவி வயரைக் கழற்றி வைப்பார்கள். அதே வழக்கத்தைத்தான் அவர் அலுவலகத்திலும் செய்தார். பூட்டுவதற்கு முன் பட்டனையும் அமுக்கினார். அதற்குப் பிறகு எழ வேண்டியது சேர்வர். அதை எழ வைக்க வேண்டியவன் நான். ரிஃபாயா கேட்டும் எட்டு மாதமாக அதைச் செய்யாதவனும் நான்.

3. பன்னிரண்டு வரி

வேலை பெரிதில்லை. லினக்ஸில் சிஸ்டம்டி என்று ஒன்று இருக்கிறது. கணினி எழும்போது எதை எழுப்ப வேண்டும் என்று அதற்கு ஒரு சின்னக் கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தப் புரோகிராம், எந்தப் பயனர், எந்த ஃபோல்டர், விழுந்தால் மறுபடி எழுப்பு. பன்னிரண்டு வரிதான். பாதைகளை முழுதாக எழுதுங்கள். நாம் கையால் ஓட்டும்போது டெர்மினலுக்குத் தெரிந்த பாதைகள் கணினி எழும் நேரத்தில் சிஸ்டம்டிக்குத் தெரியாது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரில் ஓட்டாதீர்கள்.

கோப்பை எழுதி ஸ்டார்ட் கொடுத்தேன். ஓடியது. சோதித்துப் பார்க்கச் செல்வராஜையும் ரிஃபாயாவையும் கூப்பிட்டேன். வெளியே நல்ல வெயில்.

"புடுங்குங்க."

"இடி இல்லாம புடுங்க கை வருதில்ல சேர்."

"நான் வேணும்னா இடிக்கட்டா?"

"நீங்க இடிக்கிறதுக்கு ஃபேன் பிளக்கப் புடுங்குனா போதும்" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கினார். திரும்பச் சொருகிப் பட்டனை அமுக்கினார். பக்கம் திறக்கவில்லை. எனேபிள் கொடுக்க மறந்திருந்தேன். ஸ்டார்ட் என்பது இப்போது ஓடு என்பது. எனேபிள்தான் ஒவ்வொரு தரம் எழும்போதும் ஓடு என்பது. இத்தனை வருட அனுபவம் உள்ளவன் செய்த பிழை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எனேபிள் கொடுத்து மறுபடி பிடுங்கச் சொன்னேன். இந்தத் தரம் பக்கம் திறந்தது. நான் கைதட்டினேன். ரிஃபாயா தட்டவில்லை.

"பக்கம் தொறக்குது சேர். உள்ளுக்கு ஒன்னும் ஓடல்ல. கடைசிக் கணக்கு நீங்க புடுங்குறதுக்கு முந்தினது."

அவர் சொன்னது சரி. சேர்வர் எழுந்தால் நோட்புக் பக்கத்தைக் காட்டும். அதற்குள் முன்பு சுற்றிக்கொண்டிருந்த புரோகிராம் திரும்பத் தானாகச் சுற்றாது. யாராவது பக்கத்தைத் திறந்து ஓட்ட வேண்டும். நான் அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் நாலாவது வாரமும் கணக்குத் தொலைந்திருக்கும். இரண்டாவது கடிதமும் வந்திருக்கும்.

"நோட்புக் பாக்குறதுக்குத்தான் சேர். எந்நேரமும் ஓடுற வேலைய அதுக்குள்ள வச்சது என்ட பிழை. நானே வெளிய எடுக்கிறேன்" என்றார்.

அன்று பின்னேரத்துக்குள் கணக்குக் கேட்கும் பகுதியைத் தனி ஸ்கிரிப்டாக எழுதினார். அதை எழுப்பச் சிஸ்டம்டிக்கு இரண்டாவது கோப்பையும் அவரே எழுதினார். நெட்வேர்க் வந்த பிறகுதான் அதை எழுப்பு என்ற வரியை அவர்தான் சேர்த்தார். எனக்கு அது தோன்றவில்லை. செல்வராஜ் இன்னும் மூன்று தரம் பிடுங்கினார். மூன்று தரமும் கணக்கு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இடி. செல்வராஜ் வழக்கம்போல் பிடுங்கினார். பக்கத்து அறையில் பிளக்கோடு கிடந்த போட்டோகொப்பி மெஷின் அன்று எரிந்தது. எங்கள் கணினி தப்பியது. திங்கட்கிழமை காலை ரிஃபாயாவின் திரையில் ஏழு மழைமானிகளின் சனி, ஞாயிறு கணக்கும் ஓர் இடைவெளி இல்லாமல் இருந்தது.

4. எனக்குத் தெரிந்த பாடம்

யாராவது தினமும் காலையில் வந்து ஒன்றைக் கையால் எழுப்பினால்தான் வேலை நடக்கிறது என்றால், பிழை அந்த ஆளிடம் இல்லை. அதைக் கட்டியவனிடம் இருக்கிறது. அப்படிக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். என் பிழையை என் முகத்துக்கு நேரே சொல்லி, என் பெயரை மேலே சொல்லாமல் இருந்த ரிஃபாயாவுக்கு நன்றி. யாரும் கேட்காமலே ஒவ்வொரு இடிக்கும் கீழ்மாடிக்கு ஓடிய செல்வராஜுக்கும் நன்றி. என் கடைசி வருடத்தை மானத்தோடு முடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான்.

கணக்கு வந்த அன்றே பதிவுகளை அச்செடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். "பிழை என்னுடையது, அவருடையது இல்லை" என்றேன். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"ஓம், இப்ப வேலை செய்யுதுதானே. பழசைக் கிண்டாதையும்."

ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டினார்கள். கடிதம் இன்னும் ரிஃபாயாவின் கோப்பில் இருக்கிறது. நிரந்தர நியமனத்துக்கு அவர் விண்ணப்பித்திருக்கிறார். நேர்முகத்தில் அந்தக் கோப்பைத்தான் திறப்பார்கள்.

தலைவர் ஐயா, நான் இப்போது உங்கள் கீழ் வேலை செய்பவன் இல்லை. அதனால் நேராகவே கேட்கிறேன். குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தக் கடிதத்தை ஏன் வாபஸ் வாங்கவில்லை? பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். நேர்முகத்துக்கு முன் வருகிற ஊழியர் கூட்டத்தில், ரிஃபாயாவும் செல்வராஜும் இருக்கும்போது, எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.