நூல் சுற்றிய சிவப்பு வயர்

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. நடந்த இடம் மாம்புரி, கடலோர ஊர். நடந்த நேரம் பின்னேரம், வெயில் இன்னும் மரத்தில் இருக்கும்போது. கனவு என்றோ இருட்டில் கண் தடுமாறியது என்றோ தட்டிக்கழிக்க இதில் வழியில்லை. அதுதான் பயம்.

நடந்தது மர்ஸூக்குக்கு. பாலாவிச் சந்தியில் வாகன வயரிங் வேலை செய்கிறவர். இருபத்தேழு வருசமாக இதே தொழில். பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள். பற்றரி இறங்குகிறதென்றால் கரண்ட் எங்கோ ஒழுகுகிறது, ஒழுகுகிற வழியைக் கண்டுபிடித்து அடைத்தால் வேலை முடிந்தது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்புரியிலிருந்து கிளைட்டன் கூப்பிட்டான். முப்பது வயதுக்காரன், கடலுக்குப் போகிற குடும்பம். வெளிநாட்டுக்காரரைப் படகில் ஏற்றிப் போய் டொல்பின் காட்டுவது அவன் தொழில். அவர்களைத் தங்க வைக்கவென்று ஒரு பழைய ஜெர்மன் வான் வாங்கியிருந்தான். உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன அலுமாரி எல்லாம் உண்டு. ஊரில் வீட்டு வான் என்பார்கள். அதில் இரண்டு பற்றரி. ஒன்று எஞ்சினுக்கு. மற்றது உள்ளே இருக்கிற லைட்டுக்கும் ஃபேனுக்கும். எஞ்சின் பற்றரியில் குறை இல்லை. உள் பற்றரிதான், அதுவும் புத்தம் புதிது, ஒவ்வொரு நாளும் விடியும்போது செத்துக் கிடக்கிறது. சனிக்கிழமை அவனுடைய முதல் விருந்தாளிகள் வருகிறார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு பிரெஞ்சுக் குடும்பம்.

மர்ஸூக் போய்ப் பார்த்தார். வான் கடற்கரை ஓரம், தென்னைக்குக் கீழே நின்றது. உப்புக்காற்றில் பற்றரித் தலை இரண்டிலும் பச்சைப் பூ பூத்திருந்தது. சுடுதண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசினார். துருப்பிடித்த எர்த் வயரைக் கழற்றிப் புதிது போட்டார். எல்லாம் வழக்கமான வேலை.

அப்போதுதான் அந்த வயரைக் கண்டார்.

தடித்த சிவப்பு வயர். பற்றரியில் புறப்பட்டு, தரைப் பலகைக்கு அடியால் ஓடி, பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே போய் முடிந்தது. முனையில் ஒன்றும் இல்லை. ஒரு பிளக் கூட இல்லை. கட்டிலுக்குச் சற்று முன்னால் அதில் ஒரு ஜொயின்ட். வயருக்கு ஒட்டுகிற ரேப் சுற்றவில்லை. கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே மெழுகு தேய்த்திருந்தது. இப்படி ஒரு வேலையை மர்ஸூக் எங்கும் கண்டதில்லை. செய்தவன் கைதேர்ந்தவன்தான்.

எங்கும் போகாத வயர் எதற்கு? ஜொயின்ட்டை வெட்டி எறிந்தார். இரண்டு முனைக்கும் ரேப் சுற்றினார். மீட்டர் 12.7 வோல்ட் காட்டியது, முழுச் சார்ஜ். இனி இறங்காது என்று சொல்லிவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை 7.05க்கு போன். பற்றரி 10.6, மறுபடி செத்துக் கிடக்கிறது.

மர்ஸூக் மோட்டார் சைக்கிளில் போனார். கட்டில் பலகையைத் தூக்கினார்.

வெட்டிய இடத்தில் ஜொயின்ட் இருந்தது. கறுப்பு நூல். மெழுகு.

கிளைட்டனை ஒரு பார்வை பார்த்தார். தான் தொடவே இல்லை, திறப்பு தன் இடுப்பை விட்டு இறங்கவில்லை என்று அவன் சத்தியம் பண்ணினான். மர்ஸூக் நம்பவில்லை. கிளைட்டனின் மச்சான் யூட் பக்கத்து வளவில் இருக்கிறான். இரவில் வலைக்குப் போகிறவன். படகு லைட்டுக்கு இங்கிருந்து கள்ளமாக சார்ஜ் ஏற்றுகிறானோ? கிளைட்டன் வீட்டுக்காரருக்கும் இது தெரியுமோ? தெரிந்துகொண்டுதான் வயர்காரனைக் கூப்பிட்டு நாடகம் ஆடுகிறார்களோ?

அவர் எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினார். வயரை மறுபடி வெட்டினார். இந்த முறை இரண்டு முனைகளையும் நாலு விரல் தூரம் தள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் வெள்ளை ரேப்பால் சுற்றி, ரேப் முடிகிற இடத்தில் மார்க்கர் பேனையால் தன் கையெழுத்தையும் திகதியையும் போட்டார். கிளைட்டன் வெளியே போனில் இருந்தான். அவனுக்கு இது தெரியாது. ரேப் கிழிந்திருந்தால் ஆள் அகப்படுவான்.

வியாழக்கிழமை மறுபடி போன். பற்றரி 10.5.

மர்ஸூக் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் போனார். பிடித்துவிட்டேன் என்ற எண்ணம். பலகையைத் தூக்கினார்.

வெள்ளை ரேப் கிழியவில்லை. அவருடைய கையெழுத்து, அவருடைய திகதி, ஒரு கோடு பிசகாமல் இருந்தது. ஆனால் இரண்டு ரேப்பும் இப்போது ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. நாலு விரல் இடைவெளி இல்லை. அவர் ரேப்பை மெல்ல உரித்தார்.

அடியில் கறுப்பு நூல்.

கிளைட்டன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சந்தேகம் ஊறியிருந்தது, வேறு பக்கமாக. மர்ஸூக்கை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, ரேப்பு நீங்க சுத்தினது. கையெழுத்தும் நீங்க போட்டது. உள்ளுக்க நூலைச் சுத்தினது வேற ஆள் எண்டா நான் எப்பிடி நம்புற?"

புதுப் பற்றரியை மாற்றி, ஓடித் தேய்ந்த பற்றரியை வைத்திருக்கிறாரோ என்றும் கேட்டான். மர்ஸூக்குக்குக் காது சுட்டது. இருபத்தேழு வருசத்தில் அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. சண்டை பிடிக்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, இன்றைக்கு இதற்குள்ளேயே இருந்து பார்க்கிறேன், வெளியே பூட்டிக்கொண்டு போ என்றார். பற்றரி இருக்கிற நிலையில் போதாதென்று எஞ்சினை ஓடவிட்டு அரைவாசி சார்ஜ் ஏற்றினார்கள். 4.20க்கு எஞ்சினை நிறுத்தினார்கள். 4.25க்குக் கிளைட்டன் கதவைப் பூட்டிக்கொண்டு படகுப் பக்கம் போனான்.

மர்ஸூக் வயரை மூன்றாம் முறை வெட்டினார். ஒரு முனையைக் கிழக்குப் பக்கமும் மற்றதை மேற்குப் பக்கமும் வளைத்து விட்டார். எல்லா சுவிட்சையும் நிறுத்தினார். பியூஸ் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தார். பற்றரிக்கும் எர்த் வயருக்கும் நடுவில் மீட்டரை மாட்டினார். இனி ஊசி முனையளவு கரண்ட் ஒழுகினாலும் மீட்டர் சொல்லும்.

4.50. பூச்சியம்.

5.15. பூச்சியம். கண்ணாடியால் வெயில் சரிந்து விழுந்தது. தூரத்தில் மீன் லொறி ஹோன் அடித்தது. அவருக்கு வியர்த்தது. ஃபேன் இல்லை.

5.31. மெழுகு மணந்தது.

மாதா கோயில் பக்கம் இருந்து வருகிறதாக்கும் என்று நினைத்தார். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன.

5.36. மீட்டர் அசைந்தது.

பூச்சியம்... 0.8... 3.1... 6.2.

6.2 அம்பியரில் நின்றது. ஒரு ஃபேன், ஒரு பிரிட்ஜ் சேர்ந்தாலும் இவ்வளவு இழுக்காது. பியூஸ் எல்லாம் மேசையில் கிடந்தன. அவர் கையால் தொட்டு எண்ணினார். ஏழு. ஏழும் இருந்தன.

கட்டிலுக்கு அடியில் ஏதோ இரைந்தது.

உம்ம்ம்ம்...

சின்ன மெஷின் ஒன்று ஓடுகிற சத்தம். அவர் குனிந்தார். பலகையைத் தூக்கினார்.

மெஷின் எதுவும் இல்லை. வெறும் தரை. சிவப்பு வயர் மட்டும். கிழக்கே வளைத்த முனையும் மேற்கே வளைத்த முனையும் ஒன்றாக இருந்தன. கறுப்பு நூல் சுற்றியிருந்தது. மர்ஸூக் விரலை வைத்தார்.

மெழுகு சுட்டது. இன்னும் இறுகவில்லை.

அவர் கதவைப் பார்த்தார். பூட்டியிருந்தது. பலகை அவருடைய காலடியிலேயே இருந்தது. அவர் அந்த இடத்தை விட்டு எழும்பவே இல்லை.

அப்போது இன்னொரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்... ஹா.

ஸ்ஸ்ஸ்... ஹா.

மெத்தையின் மேல். யாரோ மூச்சு விடுகிறார்கள். கஷ்டப்பட்டு. நோயாளியின் மூச்சு.

மெத்தை வெறுமையாக இருந்தது.

மர்ஸூக்குக்கு ஓத வேண்டியதெல்லாம் மறந்தது. கையில் வெட்டுகிற குறடு இருந்தது.

5.43. மீட்டரில் 6.2.

ஸ்ஸ்ஸ்... ஹா.

ஒரு இருமல். ஒரு பெண்ணின் இருமல்.

அவர் வெட்டினார்.

'டக்.'

இரைச்சல் குறைந்தது. மெல்ல... மெல்ல...

நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

ஸ்ஸ்... ஹா.

ஸ்...

ஸ்...

பிறகு ஒன்றும் இல்லை.

மீட்டர் பூச்சியம். 5.45.

எத்தனை தரம் கதவில் குத்தினார் என்று அவருக்கே தெரியாது. கிளைட்டன் ஓடி வந்து திறந்தான். அவன் முகமும் வெளிறிப் போயிருந்தது. மர்ஸூக்கைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"நானா, உள்ளுக்க இருமினது ஆரு?"

மர்ஸூக் கதவை அகலத் திறந்து வைத்து, கிளைட்டனைப் பக்கத்தில் நிறுத்தி, அந்தச் சிவப்பு வயரைப் பற்றரியிலிருந்து கட்டில்வரை முழுதாக உருவி எடுத்தார். துண்டு துண்டாக வெட்டினார். கிளைட்டனே மண்ணைத் தோண்டிப் புதைத்தான். இருவரும் அதன்பிறகு சந்தேகம் எதுவும் கதைக்கவில்லை. அன்றிரவே எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரியை நிரப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலை 12.6. சனிக்கிழமை காலையும் அப்படியே. பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், பிள்ளைகள் அந்தக் கட்டிலிலேயே நித்திரை கொண்டார்கள், ஒரு குறையும் இல்லாமல் போனார்கள்.

வேலை சரியாக முடிந்தது. மர்ஸூக்குக்குத்தான் நித்திரை இல்லை. நின்றுபோன அந்த மூச்சு காதிலேயே இருந்தது. மனைவி அலீமா இரண்டு நாள் பார்த்துவிட்டு, வான் யாரிடமிருந்து வந்ததென்று போய் விசாரியுங்களேன் என்றாள். மூன்று வருசமாகச் சிலாபம் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் நின்ற வான் அது என்று கிளைட்டன் சொன்னான். அடுத்த செவ்வாய்க்கிழமை, சாமான் எடுக்கச் சிலாபம் போன கையோடு மர்ஸூக் அந்தத் தோட்டத்துக்குப் போனார்.

அங்கே காவலுக்கு இருந்தவர் சவிரிமுத்து. வானின் பேச்சை எடுத்ததும் கதிரை போட்டு இருத்தினார்.

வான் அந்தத் தோட்டத்திலேயே இருந்த இன்னாசிப்பிள்ளை என்பவருடையது. கப்பலில் வயர் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி பவுலினாவுக்கு நெஞ்சு நோய், ஒக்சிசன் மெஷின் இல்லாமல் மூச்சு விட முடியாது. இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது மனைவியை இந்த வானுக்குள் படுக்க வைத்து, உள் பற்றரியில் மெஷினை ஓட்டினார். அந்த வயரைத் தானே இழுத்தார். ரேப்பில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கப்பல் பழக்கம், நூலும் மெழுகும்தான்.

ஒரு நாள் எஞ்சினுக்கு டீசல் எடுக்கப் போனவர், அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்துக் கியூவில் நிற்கும்போதே விழுந்து செத்துப்போனார். கையில் அடையாள அட்டை இல்லை. வீட்டுக்குத் தகவல் வர இரண்டு நாள் ஆனது. சவிரிமுத்து அப்போது ஊரில் இல்லை. தகவல் வந்துதான் ஓடி வந்து வானைத் திறந்தார். அந்தப் பற்றரி பத்து மணித்தியாலம் தாங்காது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பவுலினா உயிரோடு இருந்தார்.

"அவர் பின்னேரம் பின்னேரம் வந்து வயரைக் கட்டிப்போட்டுப் போறவர் எண்டு அந்த மனுசி சொன்னது தம்பி. நாங்க சவம் எடுத்த பிறகும் சொன்னது."

மகள் தாயை நீர்கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மெஷின் வேறு, வீடு வேறு. ஆனாலும் பவுலினா மாதத்துக்கு ஒரு தரம் சவிரிமுத்துவுக்குப் போன் எடுப்பார். சுகம் விசாரிப்பதில்லை. வயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார். அதற்காகவே சவிரிமுத்து தோட்டத்துக் கரண்டில் அந்தப் பற்றரியை இறங்க விடாமல் வைத்திருந்தார். வானை விற்றதைத் தாய்க்குச் சொல்லவேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள்.

மர்ஸூக் அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"போய்ச் சேந்துட்டுது தம்பி. போன வியாழக்கிழமை. மெஷின் நல்லாத்தான் ஓடிக்கொண்டு இருந்ததாம். ஆனா மூச்சு மட்டும் நிண்டுட்டுதாம்."

"எத்தின மணிக்கு?"

"பின்னேரம். ஆறு மணிச் செபத்துக்கு இன்னும் கால் மணித்தியாலம் கிடந்ததாம்."

5.45. வானுக்குள் அந்த மூச்சு நின்ற நேரம். சவிரிமுத்து தேத்தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். திரும்பி வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது.