படுத்துப் பார்க்கும் திரை

மட்டாஞ்சேரி டாக்ஸி டிரைவர் சுடலைமுத்துவின் குவாலிஸில் ஆறு வாரமாக ஒரு குழந்தையின் அழுகையும் பயணம் செய்தது. முதுகில் ஆபரேஷன் ஆன எட்டு வயது ஸுப்ரியா, அம்மா முன்னால் உட்கார, நடு சீட்டில் படுத்தபடி ஆலுவா ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்குப் போவாள். பயிற்சி நின்றால் நடை வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறாவது வாரம் அவள் காரில் ஏறவே மாட்டேன் என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அது 2005. அவளுக்கு வழியில் படம் காட்டலாம் என்று, மனைவி ராக்கம்மாளோடு கார் டி.வி. வாங்கப் போனான் சுடலைமுத்து. கடைக்காரர் விபின் வாசலில் நின்ற குவாலிஸுக்கே வந்து, முன் சீட்டின் முதுகில் ஒரு திரையை வைத்துக் காட்டினார்.

"கல்யாண பார்ட்டிக்கெல்லாம் இதுதான், சேட்டா."

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றான் சுடலைமுத்து, டிரைவர் சீட்டிலிருந்தே எட்டிப் பார்த்து. பதினாறு வருஷ டிரைவர் வேலையில் அவன் பின்னால் உட்கார்ந்ததே இல்லை.

ராக்கம்மாள் பின்கதவைத் திறந்தாள். "கல்யாண பார்ட்டி படுத்துக்கிட்டா வருது? நீங்க ஏறிப் படுங்க."

படுத்தான். திரை தெரியவில்லை. கூரை மட்டுமே தெரிந்தது. அந்தப் பிஞ்சு இத்தனை நாள் பார்த்தது இதைத்தானா? அவன் கண் கலங்கியது.

"விபினே, கூரையிலிருந்து தொங்குறது உண்டோ?"

திங்கட்கிழமை கூரைத் திரையில் ஒரு கார்ட்டூன் யானைக்குட்டி வழிதவறி அலைந்தது. வைட்டிலா தாண்டியும் அழுகை எழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது.

"முத்தண்ணா, இன்னும் ஒரு ரவுண்டு போங்கோ. யானை இன்னும் அதோட ஆத்துக்கு வரலை," என்றாள் ஸுப்ரியா.

முன் சீட்டில் அவள் அம்மா கண்ணீரை மறைக்க முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சுடலைமுத்து வண்டியைக் கிளப்பினான். யானை வீடு சேர்ந்ததும், இறக்கிவிடச் சொல்லி ஸுப்ரியா தானாகவே கையை நீட்டினாள்.