செந்தாமரை அடையாளம் சொன்ன பலகை

திண்டிவனத்தில் வெங்கடாசலத்தின் மரக்கடையில் செந்தாமரை பதினோரு வருடம் ஆணி பிடுங்கினாள். துறைமுகத்தில் இயந்திரங்கள் வந்து இறங்கிய மரப்பெட்டிகள் சென்னையிலிருந்து லாரியில் வரும். அவற்றை உடைத்துப் பலகைகளை அடுக்கவேண்டும். கடையில் எல்லாவற்றுக்கும் பைன் என்றுதான் பெயர். அதில் பாதி ஸ்புரூஸ் என்ற வேறு மரம் என்று சொன்னவர் கோட்டக்குப்பத்து மர வியாபாரி ஒருவர். அதன்பின் அவளுக்குக் கண் பழகிவிட்டது. பைனில் செம்மை ஓடும், ரேகை தடித்துத் தெரியும், பிசின் வாடை அடிக்கும். ஸ்புரூஸ் ஓரம் முதல் நடு வரை ஒரே வெளுப்பு. ரேகை மெல்லிசாக, நெருங்கி ஓடும். ஈரத்தில் கிடந்தால் சீக்கிரம் இற்றுவிடும்.

2008 மழையில் அப்படிக் கிடந்து இற்ற ஸ்புரூஸ் பலகைகளை விறகுக்கென்று ஒதுக்கி வைத்தாள். ஒன்றின் நடுவே கட்டைவிரல் பருமனில் செத்த கணு, காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மறுவாரம் பார்த்தால், அத்தனையும் கட்டடச் சாரத்துக்கு விற்றுப் போயிருந்தன. அவள் முதலாளியிடம் எதுவும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் விழுப்புரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் சாரத்துப் பலகை முறிந்து, கொத்தனார் மாரியப்பன் விழுந்து இறந்தார். பலகை வாங்கின இடத்தை மேஸ்திரியிடம் விசாரித்து, போலீஸ்காரர் முறிந்த துண்டுகளோடு கடைக்கு வந்தார். மாரியப்பனின் மனைவி வெள்ளையம்மாளும் கூட வந்திருந்தாள்.

"நம்ம கடையில பைன் மட்டுந்தாங்க. இது வேற எங்கியோ வாங்கினது" என்றார் வெங்கடாசலம்.

போலீஸ்காரர் செந்தாமரையைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

அவள் துண்டை வாங்கித் திருப்பினாள். கணு உதிர்ந்து ஓட்டை மட்டும் இருந்தது.

"பைன் இல்லீங்க, ஸ்புரூசு. இங்க இருந்ததுதான். வெறகுக்குன்னு நாந்தான் எடுத்து வெச்சேன்."

வெள்ளையம்மாள் கிட்டே வந்தாள். "தெரிஞ்சிக்கினே ஏம்மா சும்மா இருந்த?"

செந்தாமரை துண்டைப் போலீஸ்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றே வேலை போயிற்று. மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கும் கூலிக்குப் போனாள். வெங்கடாசலத்தின் மேல் போட்ட வழக்கில் சாட்சி சொல்ல, வாய்தா வாய்தாவாக விழுப்புரம் கோர்ட்டுக்கு அலைந்தாள். அவருடைய வக்கீல் இரண்டு மரத்துண்டுகளை நீட்டி, "படிக்காத பொம்பள, பாத்தே பேர் சொல்லிடுவியா?" என்று சிரித்தார். இரண்டையும் சரியாகச் சொன்னாள். ஆனால் முறிந்த பலகை ஸ்டேஷனிலேயே காணாமல் போயிருந்தது. 2013இல் வெங்கடாசலம் விடுதலையானார்.

அன்று கோர்ட் வாசலில் செந்தாமரை வெள்ளையம்மாளிடம் போனாள். "கேக்காம வுட்டது என் தப்புதாங்க்கா."

வெள்ளையம்மாள் பையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள். திருவெண்ணெய்நல்லூர் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.