கட்டிலுக்கடியில் ஒரு மைக் செட்

போன மாதம் எங்கள் ஊரில் ஃபுட்பால் ஃபைனல் நடந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் இந்த வாரப் பத்தியில் சிரிக்கச் சிரிக்க எதுவும் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். பழவேற்காடு ஏரியைச் சுற்றியிருக்கிற மீனவர் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் நான் அதே தெருவில்தானே நடக்கணும்?

என் தம்பி மகள் கௌசல்யாவைக் கூட்டி வரப் படகுத்துறைக்குப் போயிருந்தேன். டி.வி.யில் ஃபுட்பால் மேட்சுக்குத் தமிழில் வர்ணனை சொல்கிறாளே, அந்தக் கௌசிதான். அவளைத்தான் ஃபைனலுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். துறையில் இறங்கினால் பெரிய பேனர். 'மண்ணின் மகளே வருக!'

படம், அவள் காலேஜ் டீமுக்காகக் கப்பைத் தூக்கிப் பிடித்தபோது எடுத்தது. கப் இருக்கிறது. முகம் இருக்கிறது. போட்டிருந்த அரை டிராயரைக் காணோம்! கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டரிலேயே பட்டுப்புடவை சுற்றிவிட்டிருக்கிறார்கள்.

கௌசி சிரித்துவிட்டாள். எனக்கு வரவில்லை.

அந்த அரை டிராயருக்கு ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது பையன்களோடு சேர்ந்து ஆடுவாள். ஒரு நாள் ஊர்த் தலைவர் ஏகாம்பரம் மைக்கைப் பிடித்தார். வயசுக்கு வந்த பெண்கள் அரை டிராயர் போட்டுக்கொண்டு கிரவுண்டில் ஓடக் கூடாது, பெற்றவர்கள் கண்டித்து வைக்க வேண்டும் என்று, கோயில் கம்பத்தில் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கரில் அறிவித்தார். பெயர் சொல்லவில்லை. சொல்லணுமா? ஊரில் ஓடியது ஒரே ஒரு பெண்தான்.

என் தம்பி அப்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தான். ஏரியில் சத்தம் வெகுதூரம் போகும். கேட்டான். மறுநாளிலிருந்து மகளைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டான் — அங்கே போய் ஆடட்டும் என்று. ஆனால் ஊர் கிரவுண்டில் அதற்குப் பிறகு அவன் கால் வைத்ததே இல்லை.

அக்கரையில் ஆடியவளைச் சென்னையில் ஒரு காலேஜ் கூப்பிட்டு சீட் கொடுத்தது. ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அவள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது அத்தனை பெண்களும் எழுந்து நின்று 'கௌசி, கௌசி' என்று கத்துகிறார்கள். எனக்கு இருப்பு கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் நான்தான் அத்தை என்று சொல்லிவைத்தேன்.

பிறகு ஒரு மேட்சில் முட்டி போய்விட்டது. ஆபரேஷன். இனி ஆடக் கூடாது என்றுவிட்டார்கள். காலில் கட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தவளிடம், அறிவிக்கிற ஆள் வரவில்லை, நீ பேசு என்று யாரோ மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்ததுதான்... டி.வி. வரைக்கும் போனாள். பெண்ணுக்கு ஃபுட்பால் என்ன தெரியும் என்று அங்கேயும் ஒருத்தன் கேட்டானாம். முட்டித் தழும்பைக் காட்டினாளாம்.

அப்படிப்பட்டவள் எங்கள் ஊர் கமிட்டியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பாதி மேட்சுக்கு மைக் தாருங்கள், நான் வர்ணனை சொல்கிறேன் என்றாள். ஏன் என்று படகுத்துறையில் என்னிடம் சொன்னாள்.

"அந்தக் கொழாயிலதான் அத்த என்னப் பத்தி சொன்னாங்க. அதுலயே என் கொரல நைனா கேக்கணும். கிரவுண்டுக்கு வரவேணாம், வூட்டுலயே குந்திகினு கேக்கட்டும்."

அவள் கேட்டதற்கு ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "ஊரு மைக்குல பொம்பள பேசற வழக்கம் இல்லம்மா. நீ மேடையில குந்து, கப்பு குடு. அதான் உனக்கு மரியாத."

எது வழக்கம்? ஏரியில் எந்த இடத்தில் இன்றைக்கு யார் வலை போடுவது என்ற முறையை — பாடு என்போம் — அந்தக் குழாயில் சொல்வார்கள். சாவு சொல்வார்கள். புயல் சொல்வார்கள். எல்லாம் ஆண் குரல். ஆனால் விடியற்காலையில் அம்மன் பாட்டு வருகிறதே... அதைப் பாடுவது யார்? செத்த பாம்பு மாதிரி சுருட்டி ரெக்கார்டுக்குள் அடைத்த பெண் குரல் என்றால் பரவாயில்லை. உயிரோடு வந்து நின்றால்தான் வழக்கம் இடிக்கிறது!

மேட்ச் எங்களுக்கும் ஆரம்பாக்கத்துக்கும். வர்ணனை ஏகாம்பரம். "பந்து போவுது... போவுது... போயிடுச்சி" — இவ்வளவுதான். நடுவில் யார் வீட்டு ஆடோ காணவில்லை என்று வேறு அறிவித்தார். அதற்குள் எங்கள் ஊர்ப் பையன் ஒரு கோல் போட்டுவிட்டான்.

நான் கௌசியைப் பார்த்தேன். கழுத்தில் பொன்னாடை, பிளாஸ்டிக் நாற்காலி. பந்தை விட்டுக் கண் நகரவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். மொத்த மேட்சையும் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அங்கே வீட்டில் என் தம்பி குழாய்ப் பக்கம் காதை வைத்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் கேட்டது ஆடு.

கடைசியில் அந்தக் கிழட்டு மைக் கீச்சென்று கத்திவிட்டு அடங்கிப்போனது. கப் கொடுத்து முடித்து, கௌசி படகு ஏறப் போகிறாள். ஏகாம்பரம் பின்னாலேயே வருகிறார்.

"கௌசிம்மா, ஊருக்குப் புதுசா ஒரு மைக் செட்டு வாங்கிக் குடுத்தீன்னா நல்லாருக்கும். உன் பேரும் எழுதிப்புடறோம்."

எங்கே எழுதுவார்கள்? குழாய் மேலேயா?

வழக்கம் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் பார்க்கிறேன். பெண்ணின் கை கொடுக்க நீளலாம், குரல் மட்டும் நீளக் கூடாது.

அவள் நல்லவள். வாங்கி அனுப்பிவிட்டாள். ஆனால் என் பெயருக்கு அனுப்பியிருக்கிறாள். பெட்டி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. போன வாரம் ஏகாம்பரம் பெட்டியைக் கேட்டு வீட்டுக்கு வந்தார். கௌசி வந்து முதல் முதலாகப் பேசட்டும், பிறகு எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

"இன்னா யக்கா, ஊரு வழக்கம் தெரியாதா உனக்கு?"

"பொம்பள வாங்கினத வாயில வெச்சிப் பேசறது எந்த ஊரு வழக்கம் ஏகாம்பரம்?"

போய்விட்டார். இப்போது பாடு முறையைத் தெருத் தெருவாக நடந்து தொண்டை கிழியக் கத்திச் சொல்கிறார். ஒரு பெண்ணைப் பேச விடுவதைவிட அது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. கத்தட்டும்.

தம்பி நேற்று வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

கௌசி பொங்கலுக்கு வருகிறாள்.