ராடு அடுப்பின் சாவி

1. வெல்டிங் ராடுகளை ஈரம் அண்டாமல் சூடாக வைத்திருக்கும் அடுப்பைத் திறந்தேன்.
2. ராடுகளுக்கு நடுவே ஒரு டிபன் பாக்ஸ். உள்ளே ரசம் சாதம். மூடியோரம் ஆவி.
3. வெல்டிங் செய்த இடங்களில் எக்ஸ்ரே காட்டிய ஊசித்துளைகளுக்குக் காரணம் இந்த ஈரம்தான் என்று புரிந்தது.
4. அடுப்பைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டது நான்காவதில்.

துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறை. நான் அங்கே தரம் பார்ப்பவள். விரும்பியதோ மாடியில் இருக்கும் டிசைன் வேலை. அங்கே ஓர் இடம் காலியானால் எனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பூட்டு வந்த பிறகு துளைகள் நின்றன. பொருள் வாங்குகிறவர்கள் வந்தால் முதலாளி முதலில் அந்த அடுப்பைத்தான் காட்டினார். மூத்த வெல்டருக்கு மட்டும் கேலி.

"எங்க வீட்டம்மாகூட அடுப்புக்குப் பூட்டு போட்டதில்லைங்க, மேடம்."

"உங்க வீட்டு அடுப்புல ராடா வைக்கிறாங்க, அண்ணே?"

"சோறுதாங்க. ஆனா சூடா இருக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விடிவதற்குள் கட்டிய சோறு மதியம் விறைத்துப் போகிறது. சாப்பாட்டைச் சூடாக்கத் தனியாக ஓர் அடுப்பு கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார் முதலாளி.

தொட்டியத்தில் சித்தி மகளுக்குக் கல்யாணம். சாவியை சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து திறந்தால் அடுப்புக்குள் இரண்டு டப்பாக்கள். ஒன்று சூப்பர்வைசருடையது.

அதே வாரம் டிசைனில் இடம் காலியானது. முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஒரு நாள் நீங்க இல்லாததுக்கே இப்படி. உங்களை மாடிக்கு அனுப்பிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

"சாப்பாட்டுக்குத் தனி அடுப்பு வாங்கிட்டா, நான் காவல் நிக்க வேண்டாமே சார்."

"அதுக்கு எதுக்கும்மா செலவு? அதான் நீங்க இருக்கீங்களே!"

அவர் பாராட்டித்தான் சொன்னார். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றபடி காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது அதையே யோசித்தேன். அடிப்படைகளைப் பிடித்துக்கொண்டால் நிறுவனம் நிலைக்கும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கே பிடித்துக்கொண்டிருப்பது நான் ஒருத்தி. நான் விட்டால் அது விழுகிறது. விழும் என்பதால் என்னை விட மாட்டேன் என்கிறார்கள்.

டிசைன் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். தனி அடுப்பு வரவில்லை. சாவி என் கைப்பையில் இருக்கிறது.