பாலத்துக்கு அப்பால் உடைத்த பூசணி

காட்டுச் சாலையில் துப்பாக்கியுடன் வண்டி ஏறிச் செல்வதற்கான விதிகளை நான் முதுமையில் கற்றுக்கொண்டேன். துப்பாக்கி என்னுடையதன்று, வண்டியும் என்னுடையதன்று. வேட்டையில் எனக்கு என்றும் நாட்டம் இருந்ததில்லை. ஆயினும் ஒரு துண்டு மரச்சீனித் தோட்டத்தின் பொருட்டு, அவ்விதிகளை அவை என் முன்னே வந்து நின்ற வரிசையிலேயே தெரிந்துகொள்ள நேர்ந்தது.

நாங்கள் குடியிருந்தது மலையாள தேசத்துப் போனக்காட்டு மலைச்சரிவில் உள்ள லயத்தில். தோட்டத் தொழிலாளருக்கெனச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர். வரிசை நீளமானது; ஆனால் அடுப்பெரிந்த வீடுகள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. தேயிலைச் செடிகள் கவாத்து இல்லாமல் மரங்களாகிவிட்டிருந்தன. கம்பெனி தோட்டத்தை மூடிக் கொளுந்து எடுப்பது நின்றபின் லயத்துக்குக் கீழேயுள்ள சரிவில் நாங்கள் மரச்சீனி எனப்படும் மரவள்ளிக்கிழங்கு நட்டோம். அதுவே உணவு, அதுவே எஞ்சிய வேலை. கிழங்கு திரளும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி அதனைப் பறித்தன. தகரம் தட்டினோம்; பழைய சேலைகளை வேலியாகக் கட்டினோம். முதல் ஆண்டு அவை சேலைக்கு அஞ்சின. அடுத்த ஆண்டு சேலையை மிதித்துக்கொண்டு வந்தன.

எங்கள் மகள் கீழே நகரத்தில், தம்பானூரை ஒட்டிய ஒரு சந்தில், கடையின் மேல்மாடியில் குடியிருக்கிறாள். மருமகன் ஓட்டலில் வேலை. ஒரே அறை, அதன் முன்னால் ஒரு கூடம். அக்கூடத்தில் வந்து படுத்துக்கொள்ளும்படி அவள் பலமுறை அழைத்தாள். உழைத்து உண்ட ஒருவன் மருமகனின் கூடத்தில் பாய் விரித்து, காலையில் அதைச் சுருட்டி வைப்பதன்றி வேறு தொழிலில்லாமல் இருப்பதை எண்ணிப் பார்க்கவும் எனக்குத் துணிவில்லை. என் மனைவியோ வேறு விதமாகக் கணக்கிட்டாள்.

"இந்த வருச மரச்சீனிய நாம பறிச்சா இங்க இருப்போம். பன்னி பறிச்சா கீழ போவோம். இதுக்கு மேல என்கிட்டப் பேசப்பிடாது" என்றாள்.

மறுநாளே காகிதம் வாங்கினேன். பஞ்சாயத்துக்கு மனு எழுதினேன்.

பயிரை அழிக்கும் பன்றியைச் சுடுவதற்கு, துப்பாக்கி உரிமம் உள்ள சிலரின் பெயர்களைப் பஞ்சாயத்துப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று வார்டு மெம்பர் சொன்னார். பல நாள் நடந்தபின் உத்தரவு கிடைத்தது. மலையாளத்தில் இருந்த அதனை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பயிர் நிற்கும் நிலத்துக்குள் நுழைந்த பன்றியை மட்டுமே சுடலாம். காட்டிலோ காட்டுச் சாலையிலோ சுடலாகாது. வனத்துறை வாட்சர் உடன் இருக்க வேண்டும். இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். செத்த பன்றியை உண்ணாமல் புதைக்க வேண்டும். குழி வெட்டித் தருவது மனுதாரர் பொறுப்பு. இவற்றில் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. குழியை அன்றே வெட்டி முடித்தேன்.

குறித்த நாளில், சுட வருபவரை எதிர்கொள்ள வனத்துறைச் செக்போஸ்ட்டுக்கு இறங்கினேன். அவர் நெடுமங்காட்டுப் பக்கத்து மலையாளி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பருத்த உடம்பு. முழங்கால் இரண்டும் பழுது. செக்போஸ்ட்டிலிருந்து லயத்துக்குச் செல்லும் வழி பெயருக்கு மட்டுமே சாலை. அதில் அவரால் நடக்க இயலாது. ஆகவே தம் மைத்துனர் நடத்தும் ரிசார்ட்டிலிருந்து ஒரு விசித்திர வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நான்கு தடித்த சக்கரங்கள், நடுவில் மோட்டார் சைக்கிளின் இருக்கை, அதன் கைப்பிடி. கூரை இல்லை, கதவும் இல்லை. தரையில் இறக்கியதும் தவளை குந்தியது போல இருந்தது.

எங்களுடன் வருவதற்காக அங்கே நின்றிருந்த வாட்சர் அதனைச் சுற்றி வந்தார். "நம்பர் எவிடே சாரே?"

"இதுக்கு நம்பர் இல்லடோ. ரிசார்ட்டுல டூரிஸ்ட்டுகள் ஓட்டுற வண்டி."

"அப்ப ரிசார்ட்டுல ஓட்டிக்கோ. இது பப்ளிக் ரோடு, காட்டுக்குள்ள போற ரோடு. நம்பர் இல்லாத்த டயர் இதுல பட்டா ஞான் கேஸ் எழுதணும்."

"டயர் பட்டாத்தானே? பிக்கப்லயே ஏத்திக் கொண்டுபோறேன். டயர் ஆகாசத்துல இருக்கும். போதுமா, மதியா?"

வாட்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேலதிகாரியிடம் போனில் கேட்டு, தோட்டத்தின் எல்லையான பாலம்வரை வண்டி பிக்கப்பின் முதுகில் வரலாம், பாலம் தாண்டித் தோட்டத்து வழியில் மட்டும் ஓட்டலாம் என்று கூறினார். பிறகு துப்பாக்கியைப் பற்றிக் கேட்டார்.

"பெட்டிக்குள்ள இருக்கு."

"உண்டயோ?" தோட்டாவைத்தான் கேட்டார்.

"அது வேற பெட்டி."

"அந்தப் பெட்டி என் கையில இருக்கட்டும். சுடுற நேரம் தருவேன். வண்டியில இருந்தோண்டு சுடப் பற்றில்லா, சுடக் கூடாது, கேட்டோ? இறங்கி, காலைத் தரையில ஊணித்தான் சுடணும்."

"என் காலு தரையில ஊணாதுன்னுதானே இந்த வண்டியக் கொண்டு வந்தேன்" என்று அவர் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா அண்ணாச்சி, உங்க பன்னிக்கு என்ன பாதுகாப்பு!"

பாலத்தின் தோட்டப் பக்கத்தில் லயத்தார் அனைவரும் நின்றிருந்தனர். முற்காலத்தில் துரை மலையேறி வரும்போது பாலத்தில் நின்று வரவேற்பது எங்கள் வழக்கம். துரைமார் வருவது நின்று நெடுங்காலமாயிற்று. வழக்கத்தை மட்டும் எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டம்மாள் கற்பூரத் தட்டுடன் வந்தார். அவர் கைம்பெண், வாய்த்துடுக்கு மிகுந்தவர். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை வைத்தார்கள். பெட்டிக்குள் இருந்த துப்பாக்கிக்கும் பெட்டியின் மேலேயே சந்தனப் பொட்டு இட்டார்கள். சுட வந்தவர் நாணத்துடன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

திருஷ்டி சுற்றத் தடியங்காய் என்னும் வெண்பூசணி கிடைக்கவில்லை. கூரைமேல் படர்ந்ததால் பன்றிக்குத் தப்பியிருந்த எங்கள் வீட்டுப் பூசணியையே என் மனைவி கொண்டுவந்திருந்தாள். நன்கு பழுத்த பெரிய பூசணி; மேலே குங்குமம் அப்பியிருந்தாள். வண்டியையும் சுட வந்தவரையும் சேர்த்துச் சுற்றினாள். திருஷ்டிக் காயைத் தன் எல்லைக்குள் உடைத்தால் கண்ணேறு உள்ளேயே தங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. ஆகையால் அதனை இடுப்பில் ஏந்திப் பாலத்தைக் கடந்து, அப்பால் காட்டுச் சாலையின் நடுவில் ஓங்கி உடைத்தாள். துண்டுகள் நாலாபுறமும் சிதறின. நல்ல சகுனம் என்று அனைவரும் கூறினர்.

பிற்பகல் முழுவதும் மரச்சீனித் தோட்டத்தின் ஓரத்தில் காத்திருந்தோம். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் துப்பாக்கியை மடியில் கிடத்தி அமர்ந்திருந்தார். வாட்சர் உண்டைப் பெட்டியின்மேல் கை வைத்தபடி அருகில் குந்தியிருந்தார். மற்றெல்லா நாள்களிலும் வெயில் சாயுமுன்பே உறுமல் கேட்கும். அன்று இலைகூட அசையவில்லை.

"உங்க பன்னிக்கு இன்னைக்கு விரதமா அண்ணாச்சி?" என்றார் சுட வந்தவர்.

பக்கத்து வீட்டம்மாள் மேலிருந்து எட்டிப் பார்த்து, "குழி ரெடி, தேங்காப்பழம் ரெடி, மாப்பிள்ளையத்தான் காணல" என்றார்.

"சத்தம் போடாதே சேச்சி" என்றார் வாட்சர்.

"போட்டா என்ன? அது தமிழ் தெரியாத பன்னி."

வெயில் மங்கியது. வாட்சர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். சுட வந்தவர் வற்புறுத்தவில்லை. துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். இன்னொரு நாள் வருவதாகக் கூறினார். அவர் வண்டியில் ஏறி மெல்ல ஓட்ட, நாங்கள் பின்னே நடந்தோம். கடைசி வளைவு திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டார்.

பாலத்துக்கு அப்பால், காட்டுச் சாலையின் நடுவில், பன்றிக் கூட்டம் நின்றிருந்தது. பெரிய ஆண் ஒன்று. அதைச் சுற்றிப் பலவாறான வயதில் மற்றவை. தலை குனிந்து எங்கள் பூசணியைத் தின்றுகொண்டிருந்தன. தூரம் மிகக் குறைவு. ஆண் பன்றியின் மூக்கில் குங்குமம் ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது.

சுட வந்தவர் மூச்சடக்கிச் சொன்னார். "இவ்வளவு பக்கத்துல ஒரு பன்னியும் எனக்கு நின்னு தந்ததில்ல."

"உண்டயக் குடுங்க தம்பி" என்று நான் வாட்சரிடம் கேட்டேன். அவர் தலையை அசைத்தார்.

"அது காடு அண்ணாச்சி. பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"பாலம் நாலு எட்டுத்தானே. என் தோட்டத்தத் திங்கிற பன்னிதானே அது."

"இப்போ திங்கிறது தோட்டம் இல்லல்லோ. ரோட்டுல கிடக்குற பூசணி. அதுக்கு உத்தரவு இல்லா."

சுட வந்தவர் என் பக்கம் திரும்பவில்லை. "ஞான் சுட்டா என் லைசன்ஸ் போகும் அண்ணாச்சி. இவன் பணி போகும். நீங்க ஜெயிலுக்குப் போவீங்க."

"வண்டிய வச்சு இந்தப் பக்கம் விரட்டிக் கொண்டு வர முடியாதா?"

"வண்டி பாலம் தாண்டக் கூடாது. வண்டியக் கொண்டு மிருகத்த ஓட்டுறது அதுக்கும் மேல குற்றம்" என்றார் வாட்சர். அவர் குரலில் கடுமை இல்லை, களைப்பே இருந்தது. மலையடிவாரத்தில் தம் வீட்டிலும் மரச்சீனி உண்டென்றும், தாமும் தகரம்தான் தட்டுவதாகவும் பின்னர் சொன்னார்.

என் மனைவி எனக்குப் பின்னால் நின்றாள். "இன்னொரு பூசணி இருந்தா இந்தப் பக்கம் போட்டுக் கூப்பிடலாம்" என்றாள். பிறகு, "இல்ல, நம்ம மரச்சீனியவே பிடுங்கிட்டு வந்து போடுங்க. அதத் தின்ன வரும்போது சுடட்டும். மரச்சீனியக் காப்பாத்தின மாதிரியும் ஆச்சு" என்றாள். எவரும் சிரிக்கவில்லை.

பன்றிகள் விதைகளையும் விடாமல் தின்றன. ஆண் பன்றி நிமிர்ந்து எங்களைச் சற்று நேரம் பார்த்தது. ஓடவில்லை, நடந்தே காட்டுக்குள் சென்றது. மற்றவை பின்தொடர்ந்தன. அதன்பிறகு வண்டியைப் பிக்கப்பில் ஏற்றினோம். ஏறும்போது சுட வந்தவர் என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல முயன்றார். இன்ஜின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் தோன்றவில்லை.

அன்றிரவு அவை தோட்டத்துக்கு வந்தன. விடிந்தபின் இறங்கிப் பார்த்தோம். எவரேனும் உழுதிருந்தால்கூட அவ்வளவு ஆழமாக மண் புரண்டிருக்காது. ஒரு செடியும் நிற்கவில்லை. முறிந்த கிழங்குகளைப் பொறுக்கி, பல் பட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சியதை என் மனைவி வேகவைத்தாள். பக்கத்து வீட்டம்மாளுக்கும் கொடுத்தாள். மூவரும் மிளகாய்த் துவையலுடன் உண்டோம். கிழங்கு மாவாக, நன்றாகவே வெந்திருந்தது.

கை கழுவியதும் மகளைப் போனில் அழைத்தாள். "வாறோம்" என்பதற்கு மேல் ஒன்றும் கூறவில்லை. நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தவளாக என் முகத்தைப் பார்த்தாள். நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

"நீங்களும் போயிட்டா நான் யாருகிட்ட வாயாட? பன்னிகிட்டயா?" என்றார் பக்கத்து வீட்டம்மாள். அவரும் அம்மாதமே அம்பாசமுத்திரத்தில் உள்ள தம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாக அறிந்தேன். தம்பி மனைவியுடன் அவருக்கு ஒத்துப்போகாது என்பதை லயத்தில் அறியாதவர் இல்லை.

மகள் வீட்டுக் கூடத்தில் பாய்கள் இரண்டு. காலையில் நான் இரண்டையும் சுருட்டி வைக்கிறேன். வீட்டார் எவரும் எனக்குக் குறை வைக்கவில்லை என்பதைக் கூறுதல் கடமை. மருமகன் வேலை முடிந்து வரும்போது ஓட்டலில் மிஞ்சிய பரோட்டாவைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருகிறார். நான் உண்டு, நன்றி கூறி, அவர் உறங்க வேண்டும் என்பதற்காக விளக்கை அணைத்துவிடுகிறேன்.

வந்து சில வாரங்களுக்குப் பின் ஒரு நண்பகலில் போன் அடித்தது. சுட வந்தவரின் குரல். பெரிதும் மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, புது உத்தரவு வாங்கிட்டேன். இந்தத் தடவை வண்டி இல்ல, ஒரு பொல்லாப்பும் இல்ல. நடந்தே ஏறிட்டேன். முட்டு ரெண்டும் போச்சு. நீங்க எவிடே? லயத்துல ஒரு ஆளையும் காணலயே?"

நாங்கள் கீழே வந்துவிட்டதைச் சொன்னேன்.

"பன்னி இங்க நிக்குது அண்ணாச்சி. அதே பெரிசுதான். உங்க தோட்டத்துக்கு உள்ளேயே, பட்டப்பகல்ல நிக்குது. ஞான் தரையில கால ஊணிட்டும் நிக்கேன்."

அருகில் வாட்சரின் குரல் கேட்டது. "சாரே, இவிடே கிருஷி ஒண்ணும் இல்லல்லோ. புல்லுதான். பயிர் நிக்குற ஸ்தலம்னுதான் உத்தரவுல இருக்கு."

"கேட்டீங்களா அண்ணாச்சி?" என்றார் அவர். அவமானப்பட்டவரின் குரலாக இருந்தது. "ஒரு மூடு, ஒரு செடி மரச்சீனியாவது நிக்குதான்னு பாத்தேன். இல்ல. என்ன செய்யட்டும், சொல்லுங்க. ஒரு கல்ல எடுத்தாவது எறியட்டுமா?"

அடுக்களையிலிருந்து யார் என்று என் மனைவி கேட்டாள். நான் கையமர்த்தினேன்.

"வேண்டாம் சார், நிக்கட்டும்" என்றேன். "பனிமஞ்சு இறங்கிட்டா உங்களால பாலம் வரைக்கும் வர முடியாது. இப்பவே இறங்கிருங்க."