கருப்புப் போர்வைக்குள்ள ஏட்டு

வேலப்பன்சாவடியில ஷேர் ஆட்டோவ போலீஸ் மடக்கிட்டாங்க. மண்டைய பொளக்கற வெயிலு. என் மடியில கருப்புப் போர்வை சுத்துன சட்டம் ஒண்ணு கீது. ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கறதுக்கு. உள்ள மெல்லிசா ஒரு வலை, அதும்மேல மருந்து தடவிகீது. வெளிச்சம் பட்டா மருந்து இறுகிரும், அப்பால படம் ஏறாது. நாளைக்கு கண்காட்சியில என் படத்த மாட்டணும். கடைசி கலருக்கு இந்த ஒரு சட்டந்தான். மருந்து தடவுற இருட்டு ரூமு அம்பத்தூர்ல, படத்த வலையில ஏத்தற லைட்டுப் பொட்டி மாங்காட்டுல. ரெண்டையும் ஒரே ஊர்ல வெச்சிக்கற மூளை இருந்தா நான் ஏன் ஆர்டிஸ்ட் ஆவப்போறேன்?

"இன்னாயா அது? பிரி"ன்றாரு ஏட்டு.

"வெயில் பட்டா செத்துரும் சார்!"

பக்கத்துல குந்திகினு இருந்த பூக்காரம்மா குதிச்சி எறங்குது. "ஐயோ நைனா, பாம்பா?"

ஏட்டு லத்தியால போர்வைய நெம்பறாரு. நான் ரெண்டு கையாலயும் போர்வைய அமுக்கிப் புடிக்கறேன்.

"சார், தலைய உள்ள வுட்டு பாருங்க சார். நான் மேல மூடிக்கறேன்"னு கெஞ்சறேன்.

மொறச்சிகினே தொப்பிய என் கையில குடுத்துட்டு உள்ள பூர்றாரு. டார்ச்ச போட்டுருவாரோனு நான் பயப்படசொல்ல, இருட்டுல கையாலயே தடவிப் பாக்கறாரு.

"அட, கொசு வலைடா! இதுக்கா இப்டி நடுங்கற?"

"ஊட்ல கொசு ஜாஸ்தி சார்"ன்றேன், மகா ஆர்டிஸ்ட்டு.

ஆட்டோ கெளம்புது. அவரு தலைய எடுக்கசொல்ல ஓரத்துல ஒரு கோடு வெயிலு உள்ள பூந்த மாறி இருந்துச்சி. மாங்காட்டுல படம் ஏத்தி, தண்ணி ஊத்தி கழுவுனாத்தான் மருந்து தப்பிச்சிதா இல்லியானு தெரியும். போர்வைய இறுக்கி கட்டிப் புடிச்சிகினு, தொறந்து பாக்கவும் முடியாம, பாக்காம இருக்கவும் முடியாம குந்திகினு கீறேன்.